ஐந்து ஃப்ரேம்

மூன்று வருடம் நான் சண்டைக் காட்சிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பிழைப்பு அது இல்லை. பிழைப்பு சிறுசேரியில், ஒரு பேமென்ட் சாஃப்ட்வேரில் வருகிற பிழைகளைத் திருத்துவது. இரவு சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு லேப்டாப்பைத் திறப்பேன். அதில் ஓர் ஆங்கிலப் பொழுதுபோக்கு இணையதளத்துக்கு ஆக்‌ஷன் படங்களையும் ஆக்‌ஷன் சீரிஸ்களையும் பற்றி எழுத வேண்டும். ஃப்ரீலான்ஸ் ரைட்டர். பட்டியல் கட்டுரை என்றால் 20 டாலர். ஒரு சீரிஸின் முடிவை விளக்கும் கட்டுரை என்றால் 15.

இந்த விளக்கக் கட்டுரைகளுக்கு ஒரு விசித்திரமான நேரக்கணக்கு உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் சீரிஸ் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நள்ளிரவில் வெளியாகும். நமக்கு அது மதியம் 12:30, குளிர்காலத்தில் 1:30. ஆபீஸ் லஞ்ச் பிரேக்கில் கேன்டீனின் கடைசி மேஜையில் உட்கார்ந்து, ஒரு கையில் தயிர்சாதம், இன்னொரு கையில் போன். கடைசி எபிசோடை 1.5 மடங்கு வேகத்தில் பார்ப்பேன். சாயங்காலத்துக்குள் கட்டுரை போக வேண்டும். மறுநாள் காலையில் அனுப்பினால் யாரும் தேட மாட்டார்கள், தேடாததற்குக் காசு இல்லை.

‘இதெல்லாம் ஒரு எழுத்தாடா?’ என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கட்டுரையின் மேலே என் பெயர் இருந்தது. ஆறு வருடமாக நான் எழுதிய கோடில் எங்கேயும் என் பெயர் கிடையாது. முதல் கட்டுரை வந்த அன்று அம்மாவுக்கு லிங்க் அனுப்பினேன். அவளுக்கு ஆங்கிலம் வராது. என் பெயரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "போட்டோ போடலையா?" என்று கேட்டாள்.

தவிர, எனக்கு சண்டை பிடிக்கும். விருதுநகரில் வாடகைக்கு எடுத்த விசிடிகளில் ஜாக்கி சான் தமிழ் பேசிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே பிடிக்கும். நானும் அண்ணனும் மெத்தையை இழுத்துத் தரையில் போட்டுக்கொண்டு பார்ப்போம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் எங்களுக்கு உண்மையான படம் ஆரம்பிக்கும். தவறிப்போன டேக்குகள், கட்டு போட்ட கை, ஸ்ட்ரெச்சர், வலியோடு சிரிக்கும் முகம். இவ்வளவு நேரம் பொய் சொன்னவர்கள் கடைசியில் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவதுபோல இருக்கும்.

*

எழுத ஆரம்பித்த பிறகு பார்க்கும் விதம் மாறியது. இன்ஜினியரிங் படித்தவனுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் வியாதி உண்டு. நான் வெட்டுகளை எண்ணினேன். ‘டேக்கன் 3’ படத்தில் லியாம் நீசன் ஒரு வேலியைத் தாண்டிக் குதிக்கிறார். ஆறு விநாடி போலத்தான் வரும், அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள். குதித்தவர் எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் போனார் என்பதே புரியாது. ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்திலும் வெட்டுகள் ஏராளம், சுமார் 2,700 ஷாட்கள் என்பார்கள். ஆனால் கண் வலிப்பதில்லை. பார்க்க வேண்டிய விஷயத்தை ஏறக்குறைய எப்போதும் திரையின் நடுவிலேயே வைத்திருந்தார்கள். வெட்டு மாறினாலும் நம் கண் நகர வேண்டியதில்லை. அந்தப் படத்தைத் தொகுத்த மார்கரெட் சிக்ஸெலுக்கு ஆஸ்கார் கிடைத்தது.

‘ஓல்ட்பாய்’ படத்தின் தாழ்வாரச் சண்டையைப் பற்றி மட்டும் நான்கு முறை எழுதியிருக்கிறேன், நான்கு வெவ்வேறு பட்டியல்களில். கையில் சுத்தியலோடு ஒரு ஆள், எதிரே ஒரு கும்பல், பக்கவாட்டில் நகரும் கேமரா, வெட்டே கிடையாது. ‘டேர்டெவில்’ சீரிஸின் இரண்டாவது எபிசோடில் வரும் தாழ்வாரச் சண்டைக்கு அதுதான் மூதாதை. டேர்டெவில் ஓர் அறைக்குள் நுழைவார், வெளியே வருவார். நுழைந்தவரும் வந்தவரும் எப்போதும் ஒரே ஆள் இல்லை. சுவருக்குப் பின்னால் நடிகரும் டூப்பும் இடம் மாறிக்கொள்வார்கள். டெக்சஸ் ஸ்விட்ச் என்று இந்த உத்திக்குப் பெயர்.

இதையெல்லாம் எழுதும்போது நடிகர் பெயரைப் போடுவேன், இயக்குநர் பெயரைப் போடுவேன். கொஞ்சம் விவரமானவன் என்று காட்டிக்கொள்ள ஸ்டண்ட் மாஸ்டர் பெயரையும் போடுவேன். ‘ஜான் விக்’ இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர் என்ற தகவல் என் கட்டுரைகளில் ஏழெட்டு முறையாவது வந்திருக்கும். தாழ்வாரத்தில் விழுந்துகொண்டே இருந்த அந்தக் கும்பலில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று தோன்றியதும் இல்லை.

*

ஒரு நாள் எடிட்டர் ஒரு தலைப்பு அனுப்பினார். இந்திய சினிமாவின் அபத்தமான சண்டைக் காட்சிகள் பன்னிரண்டு. ‘நீ இந்தியன், நீயே எழுது’ என்றார். பறக்கும் கார்கள், வாழைப்பழத்தோலில் வழுக்கும் ரவுடிகள் என்று பதினொன்று சுலபமாகக் கிடைத்தன. நான்காவது இடத்துக்கு நானே ஒன்றைத் தேடி எடுத்தேன். 2000களின் தொடக்கத்தில் வந்த ஒரு தமிழ்ப் படம். சந்தையில் சண்டை. ஹீரோ சுழன்று உதைக்கிறார். அடியாள் பின்னால் பறந்துபோய்த் தக்காளி வண்டியில் விழுகிறார். ஆனால் உதை வந்து சேர்வதற்கு முன்பே அவர் பறக்கத் தொடங்கிவிடுகிறார்.

ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எண்ணினேன். சரியாக ஐந்து ஃப்ரேம் முன்னால். அதை ஒரு ஜிஃப் ஆக்கி, ‘உதைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாத மனிதர்’ என்று கீழே எழுதினேன்.

நான் எழுதியதிலேயே அதிகம் படிக்கப்பட்டது அந்தக் கட்டுரைதான். ஜிஃப் தனியாகக் கழன்றுகொண்டு ஊர் சுற்றியது. ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கூப்பிடுறதுக்கு முன்னாடி நான்’ என்ற வாசகத்தோடு எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கே அது வந்தது. அதைச் செய்தது நான்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. ஐந்தாறு வரிதான். அந்த நான்காவது படத்தில் விழுகிறவர் என் அப்பா. அவர் கோபப்படவில்லை, பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் ஏன் முன்னாடியே விழுந்தார் என்று யாரையாவது நீங்கள் கேட்டிருக்கலாம்.

திட்டியிருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். திட்டுகிறவர்களுக்கு அனுப்ப என்னிடம் தயார் பதில்கள் இருந்தன. ‘கேட்டிருக்கலாம்’ என்பதற்கு இல்லை. அந்தக் காட்சியை நான் நாற்பது முறையாவது பார்த்திருப்பேன். பொறுமையாக எண்ணியிருக்கிறேன். ஏன் என்ற கேள்வி ஒரு தடவைகூட வரவில்லை. ஆபீஸில் ஒரு பிழையைக் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

பத்து நாள் கழித்து, உங்கள் அப்பாவைப் பார்க்கலாமா என்று எழுதினேன்.

*

வீடு சாலிகிராமத்தில் ஒரு மாடிப் போர்ஷன். ஞாயிற்றுக்கிழமை காலை. படியேறும்போது நான் மனதுக்குள் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கைலி, பனியன், வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கி இருந்தது.

"சார், நான்தான் அந்த..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், தெரியும். சார் எல்லாம் வேணாம். அண்ணேன்னு கூப்பிடு. உள்ள வா தம்பி, பேன் போடு" என்றார்.

மகள் காபி கொண்டுவந்தார். அவர் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைப் பார்த்து முழுதாகச் சிரிக்கவில்லை. அது நியாயம்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "அந்த ஷாட்டு பெல்ட்டுல ரோப் மாட்டி எடுத்தது. உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

விளக்கினார். இடுப்பில் பெல்ட், அதன் பின்பக்கம் கயிறு. கயிறு ஒரு கப்பி வழியாகப் போய் நான்கு பேர் கையில் இருக்கும். மாஸ்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். மூன்றுக்கு ஹீரோவின் கால் வர வேண்டும், மூன்றுக்கு அந்த நான்கு பேரும் இழுக்க வேண்டும், மூன்றுக்கு இவர் உடம்பைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். தக்காளி வண்டிக்குள் தக்காளி மேலே ஒரு வரிசைதான். கீழே முழுக்கக் காலி அட்டைப் பெட்டிகள். அதில்தான் விழ வேண்டும்.

"முதல் டேக்குல தக்காளி சரியா சிதறல. ரெண்டாவது டேக்குல இழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு. பெட்டியத் தாண்டிப் போய் வண்டிச் சட்டத்துல விழுந்தேன். தோள் போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. மூணாவது டேக்குல ஹீரோ கொஞ்சம் லேட்டு. ரோப்புக்கு என்ன தெரியும், அது மூணுக்கு இழுத்துடுச்சு. நான் பறந்துட்டேன். சரியா பெட்டியில விழுந்தேன். ஹீரோ இன்னொண்ணு போலாம்னாரு. மாஸ்டர் என் பக்கத்துல வந்தாரு. வலது கையத் தூக்குடான்னாரு. தூக்க முடியல. ஒண்ணும் பேசல, திரும்பிப் போயி, ‘வெளிச்சம் போச்சு, இது ஓகே, பேக்கப்’ன்னுட்டாரு."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வெளிச்சம் எல்லாம் இருந்துச்சு தம்பி" என்றார்.

காபி டம்ளரைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. அந்த ஐந்து ஃப்ரேமைக் கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன். தமிழ் சினிமாக்காரர்களுக்கு நேர்த்தி போதாது என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி வேறு எழுதியிருந்தேன். தப்பு இருப்பது தெரிந்தே ஒரு மாஸ்டர் அந்த டேக்கைப் படத்தில் விட்டிருக்கிறார். நான்காவது டேக் போகாமல் இருப்பதற்காக.

*

"எந்திரி, சும்மா ஒரு குத்து விடு" என்றார் அவர்.

நடுக்கூடத்தில் நின்றோம். என் போனை மகளிடம் கொடுத்து, என் தோளுக்குப் பின்னால் நின்று வீடியோ எடுக்கச் சொன்னார். என்னை மெதுவாகக் கையை வீசச் சொன்னார். என் முஷ்டிக்கும் அவர் தாடைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. அவர் தலையைத் திருப்பி, கழுத்தை விட்டு, பின்னால் இரண்டு எட்டுத் தள்ளாடிச் சுவரில் சாய்ந்தார். அதே நொடியில் மகள் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். சின்ன வயதிலிருந்து இந்த விளையாட்டுக்குப் பழகியவர் என்று தெரிந்தது. அப்போதுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

வீடியோவைப் பார்த்தேன். நான் அறுபது வயதுக்காரர் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொடூரமாக அடித்திருந்தேன். என் கை வீச்சில் ஒன்றுமே இல்லை. மாவாட்டுகிறவன் கை மாதிரி இருந்தது. அவர் கழுத்து திரும்பிய வேகம்தான் என் குத்துக்கு பலம் கொடுத்திருந்தது.

"அடிக்கிறவன் ஃபைட்டு பண்றதில்ல தம்பி. வாங்குறவன்தான் பண்றான்" என்றார். "அடி வந்தப்புறம் விழுந்தா அது நிஜ அடி. கொஞ்சம் முன்னாடி கிளம்புனாத்தான் அது ஃபைட்டு."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். ஐந்து ஃப்ரேம் என்றால் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பை அசைக்க மனிதனுக்கு ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும், கொஞ்சம் கூடவும் ஆகும். அப்படியென்றால் காலைப் பார்த்துவிட்டு விழுகிறவன் எப்போதும் தாமதமாகத்தான் விழுவான். இதுவரை நான் ரசித்த ஒவ்வொரு உதையிலும் எதிரே இருந்த ஆள் பார்க்காமலேயே, எண்ணிக்கையை நம்பிக் கிளம்பியிருக்கிறான். மற்ற சண்டைகளில் ஹீரோவும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார், அதனால் நமக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றில் அவர் வரவில்லை, அதனால் தெரிந்துவிட்டது.

பிறகு ‘ஓல்ட்பாய்’ தாழ்வாரத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். சுத்தியல்காரரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் பார்த்தேன். விழுகிறார்கள், கேமரா நகரும்வரை கிடக்கிறார்கள், எழுந்து மறுபடியும் வருகிறார்கள், தயங்குகிறார்கள், ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் நான் புகழ்ந்த களைப்பு முழுக்க அவர்களுடையது. நான்கு கட்டுரையில் ஒன்றிலாவது அதை எழுதியிருக்கலாம்.

*

எடிட்டருக்கு நீளமாக ஒரு மெயில் அனுப்பினேன். நான்காவது பகுதியை எடுத்துவிடலாம், அல்லது காரணத்தோடு மாற்றி எழுதுகிறேன், காசு வேண்டாம். அவர் நல்ல மனிதர்தான், எங்கோ ஒரு குளிர்நாட்டில் என்னைப் போலவே எண்ணிக்கைக்கு ஓடிக்கொண்டிருந்தவர். கட்டுரை இன்னும் நன்றாக ஓடுகிறது, தொட வேண்டாம், கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள் என்றார். சேர்த்தேன். பன்னிரண்டாவது படத்துக்கும் கீழே, விளம்பரங்களுக்குப் பிறகு இருக்கிறது அந்த வரி. அதுவரை யார் போயிருப்பார்கள்?

விழுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்றேன். அதை யார் தேடுவார்கள் என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். தேடுபெட்டியில் தட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும். அவர்களுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் எழுத முடியாது, எழுதாததால் பெயர் இல்லை. ஆபீஸில் இதை டெட்லாக் என்போம்.

நான் வீரமாக எல்லாம் விலகவில்லை. அதன் பிறகும் எட்டு மாதம் பட்டியல்கள் எழுதினேன். ஒவ்வொரு பட்டியலிலும் விழுகிறவர்களைப் பற்றி இரண்டு வரி நுழைத்துப் பார்ப்பேன். பாதி வரிகள் வெட்டுப்படும். பிறகு அவர்களே கட்டணத்தைக் குறைத்தார்கள், கட்டுரைகள் வருவது குறைந்தது, ஒரு நாள் மெயிலுக்குப் பதில் வராமல் நின்றது.

*

அண்ணன் வீட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, லேப்டாப்போடு போவேன். ‘போலீஸ் ஸ்டோரி’ பார்த்தோம். 1985ல் வந்த படம். ஷாப்பிங் மாலில் ஜாக்கி சான் விளக்குகள் சுற்றிய கம்பத்தில் சறுக்கி இறங்குகிறார். கையில் தீக்காயம் பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. படத்திலேயே அதை மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அண்ணன் அதைப் பார்த்து ‘ம்’ என்றார். அதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போய் விழுகிறவர்களைத்தான் மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார். "இவன் பாரு, முகத்தத் திருப்பிட்டான். நல்ல பையன். இவன் திருப்பல, பாவம்."

‘முரட்டுக்காளை’ ரயில் சண்டை பார்த்தோம். ஜூடோ ரத்னம் பெயர் வந்ததும் உட்கார்ந்தபடியே நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். 1200 படங்களுக்கு மேல் சண்டை அமைத்த மனிதர், 2023ல் காலமானபோது வடபழனிப் பக்கம் தெருத்தெருவாகப் பேனர் வைத்திருந்தார்கள் என்றார்.

2025 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. ஆஸ்காரில் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது கொடுக்கப்போகிறார்கள், 2027ல் வெளியாகும் படங்களிலிருந்து. நான் பரபரப்பாகப் போன் செய்தேன். "அப்படியா, நல்லது. நம்ம ஊர்ல குடுத்துட்டாங்களே" என்றார். உண்மைதான். தேசிய விருதில் 2017லேயே சேர்த்துவிட்டார்கள், ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதில் 2002லிருந்தே உண்டு. இரண்டும் ஒருங்கிணைக்கிறவருக்கு, அமைக்கிறவருக்கு. எம்மியில் விழுகிறவர்களுக்கு என்று தனியாக ஒன்று வர 2021 ஆனது.

ஒரு நாள் அவர் என் தொழிலைப் பற்றிக் கேட்டார்.

"ஒரு கட்டுரைக்கு எவ்வளவு குடுத்தான்?"

சொன்னேன்.

"பேட்டா?"

"கிடையாது."

"கார்டு, யூனியன் மாதிரி ஏதாச்சும்?"

"கிடையாது அண்ணே."

"அடிபட்டா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கவலையோடு மகளைப் பார்த்து, "என்னம்மா இது, எங்கள விட மோசமா இருக்கு" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று போன மாதம் அவரிடம் கேட்டேன். இதில் உங்கள் பெயரைப் போடுகிறேன், படத்தின் பெயரையும் போடுகிறேன், இனி யார் தேடினாலும் கிடைக்கும் என்றேன். எவ்வளவோ யோசித்து வைத்திருந்த பரிகாரம் அது. அவர் உடனே தலையாட்டி மறுத்தார்.

"என் பேர் போட்டா எந்தப் படம்னு தெரியும். படம் தெரிஞ்சா அன்னிக்கு லேட்டா கால் தூக்குனது யாருன்னு தெரியும். அவரு நல்ல மனுசன், அன்னிக்கு அவருக்கு ஜுரம். இருபது வருசமா அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் விழுந்தது தப்புன்னே இருக்கட்டும், விடு."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்து காபி போடப் போய்விட்டார்.

அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது. நான்காவது இடத்தில் அவர் பறந்துகொண்டிருக்கிறார். மேலே என் பெயர்.